மூடியைத் திறந்தால் ஓடுகிறது

சேடபட்டிக்குக் கிழக்கே கண்மாய்க்குள், காலை ஏழு மணி.
நாலாவது இழுப்பில் எழுந்துகொண்டது.
இரண்டு கருவேலம் சாய்ந்தது. மூன்றாவதின் பாதியில்
சத்தம் கீச்சென்று ஏறி,
சளி அடைத்தவன் பேச்சாக இழுத்து
நின்றுபோனது.
பிளேடு மரத்துக்குள்.

ஒச்சம்மா ஆப்பு அடித்து விடுவித்தாள்.
கார்புரேட்டர்தான் என்றேன்.
எதற்கும் அதைத்தான் சொல்வேன்,
எது களவுபோனாலும் ஸ்டேஷனில்
ஒரே ஆளைக் கூட்டிவந்து
உட்காரவைப்பதைப்போல.

சாக்கை விரித்தேன். நாலு ஸ்குரு.
மூடி, கேஸ்கட், அதற்கடியில் டயாப்ரம்,
ஒரு ரூபாய்க் காசளவு கறுப்புத் தோல்.
வெயிலுக்கு நேரே பிடித்தேன், ஓட்டை இல்லை.
அமுக்கினேன், அமுங்கி எழுந்தது.
ஊசியை உருவித் துடைத்தேன்.
சல்லடையில் தூசி இல்லை.
ஜெட்டில் வாய்வைத்து ஊதியதில்
பெட்ரோலும் டூ-டி ஆயிலும் நாக்கில் ஒட்டியது.
இனி சாயங்காலம்வரை
எதைத் தின்றாலும் அதே ருசி.

ஸ்பிரிங் தெறித்தது அப்போதுதான்.
மிளகளவு கம்பிச்சுருள்,
வண்டல் வெடித்த கண்மாயில்.
அவள் கட்டை அடுக்குவதை விட்டுவிட்டு
முட்டிபோட்டுத் தேடினாள்.
"என்ன கலருண்டு சொல்லு."
"ஸ்பிரிங் கலரு."
அதற்கு அவள் சொன்னதை எழுதமுடியாது.
"தேடுற நேரத்துக்கும் கூலி உண்டுல்ல?"
அதை எழுதலாம்.
கடைசியில் அவள் சட்டைக் கை மடிப்புக்குள்ளேயே இருந்தது.

மாட்டினேன். எல் ஸ்குருவை முடுக்கி
ஒரு சுற்று திருப்பிவிட்டேன். ஹெச்சையும்.
ஓடியது.
ஒன்றரை மரம்.
அதே கீச்சு, அதே இழுவை.

மறுபடியும் சாக்கு, மறுபடியும் நாலு ஸ்குரு.
சிம்மக்கல் கடையில் இருநூற்றிருபது கொடுத்த ரிப்பேர் கிட்டை
இன்றைக்குத்தான் பிரித்தேன்.
புதுத் தோல், புது ஊசி.
காசிமாயன் போனில் கத்தினான்:
நாலு மணிக்கு லாரி, மூன்று டன்,
இல்லாவிட்டால் கரிமூட்டக்காரன் வேறு ஆளைப் பார்ப்பான்.
இழுத்தேன். ஓடியது.
ஒன்றரை மரம்.

மிஷினை மண்ணில் வைத்துவிட்டு அதை முறைத்தேன்.
எடை கூடினதுபோல் இருந்தது.

"ஏப்பா," என்றாள் ஒச்சம்மா, தண்ணீர்க் கேனை இறக்கிக்கொண்டே,
"நிண்டதும் நீ டேங்கு மூடியத் தெறக்குற.
உஸ்ஸுங்குது.
மூடிட்டு இழுத்தா ஓடுது.
காலையில இருந்து பாக்குறேன்."
"பெட்ரோல் கெடக்காண்டு பாக்கத் தெறக்குறேன்."
"நீ பெட்ரோலப் பாக்குற. அது காத்த வாங்குது."

டேங்கின் தோளில் ஒரு மூச்சுத்துளை,
குண்டூசித் தலை அளவு.
மரத்தூளும் ஆயிலும் குழைந்து
வடைமாவாக அப்பியிருந்தது.
பெட்ரோல் குறையக் குறையக்
காற்று உள்ளே போகவேண்டும்.
போகாவிட்டால், பிள்ளை உறிஞ்ச உறிஞ்ச
ரப்பர் ஒட்டிக்கொண்ட பால்புட்டிதான்.
புட்டி நிறையப் பால், வாயில் ஒன்றுமில்லை.

வெட்டிப்போட்ட கொப்பிலேயே ஒரு முள்ளை ஒடித்துக் குத்தினேன்.
முள் முறிந்து உள்ளேயே நின்றுகொண்டது.
"கருவேலத்துக்கு ரோசம்," என்றாள்.
தன் சட்டையில் இருந்த ஊக்கைக் கழற்றினாள்,
முள்ளை நெம்பினாள், தூளைச் சுரண்டினாள்,
வாய்வைத்து ஊதினாள்.
இப்போது அவள் நாக்கிலும் அந்த ருசி.

டேங்க் காய்கிறவரை ஓடியது.
பதினோரு மரம். நான் எண்ணவில்லை, அவள் எண்ணினாள்.

லாரி நாலரைக்கு வந்தது.
கார்புரேட்டரைப் பற்றி யாரும் பேசவில்லை.
குற்றமில்லை என்று விட்டுவிடும்போது
பஸ்ஸுக்குக் காசு கொடுக்கிற வழக்கமும் இல்லை.

சாக்கை உதறினேன்.
ஒரு ஸ்குரு விழுந்தது.
சின்னது, புழங்கித் தேய்ந்தது.
எங்கே இருந்தது என்று தெரியவில்லை.
இரண்டுபேரும் அதைப் பார்த்தோம்.
பிறகு மிஷினைப் பார்த்தோம்.
அவள் அதை எடுத்து
ஊக்கில்லாத சட்டையின் பையில் போட்டுக்கொண்டாள்.